எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம்

பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள குண்டூசிக்கு,

மூன்று கடிதங்களுக்குப் பதில் போடாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. சுழித்துக்கொள். அம்மா நலம், முழங்கால் மட்டும் வழக்கம்போல. அந்தக் குடை விவகாரத்தில் உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சின்னவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக 48 நாள் விரதம் தொடங்கினான். கூடவே சிகரெட்டையும் விட்டான். நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவன்! அம்மா புளோக் முழுக்கக் கேசரி கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் பதினான்கு மணி நேரம் தூங்க ஆரம்பித்தான். காலையில் தலையணை உறை எச்சிலில் நனைந்து கிடக்கும். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. விரதக் களைப்பு என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். மனநோய்க்காக அவன் சாப்பிடும் குளோசபின் மருந்து ஊரார் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான், தலையாட்டினேன்!

புகையில் இருக்கும் கரிப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். நிக்கோட்டின் அல்ல, புகைதான். குளோசபினைச் சிதைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் அந்த நொதியே. புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் அது சோம்பிவிடும். மாத்திரை அதே அளவுதான், ரத்தத்தில் மட்டும் மருந்து ஏறிவிடும். போதாக்குறைக்கு, கை சும்மா இருக்க முடியாமல் ஐயா காப்பிக்கடையில் நாளுக்கு ஆறு கோப்பி ஓ, அதாவது பாலில்லாத காப்பி. காப்பியும் அதே நொதியின் வாசலில்தான் வரிசை நிற்கும்.

இதெல்லாம் இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உடனே மருந்தளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போனான். முதல்முறை ரத்தம் எடுத்த இடத்தில், காலை மாத்திரை போட்டாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. போட்டிருந்தான். கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழிந்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. மறுநாள் மீண்டும் கையை நீட்டினான், பாவம்.

அந்தக் குழாய் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. மேலாளர் என் கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார், நியாயம்தான். கண்ணுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்து மேசையில் கொஞ்சம் பிளாஸ்மாவில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் விழுந்ததும் எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்தது. சுழலவிட்டால் புரதம் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், மேலே தெளிந்த நீர். அதில் ஒரு இரட்டைப் பிறவியையும் முன்பே அளந்து கலந்திருப்பார்கள். அதே குளோசபின்தான், சில ஹைட்ரஜன்களுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன். வழியில் கொஞ்சம் வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாகும், கணக்கு கெடாது. பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரிக்கும் கருவி. 327 எடை உள்ளதை மட்டும் பிடித்து, வாயுவில் மோதவிட்டு உடைத்து, 270 எடைத் துண்டு எவ்வளவு விழுகிறது என்று எண்ணும். முன்பெல்லாம் மருந்துகளை ஒரு குழாயில் ஓடவிட்டுப் பிரித்து, வெளிவருவது புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துச் சொன்னார்கள். கூடவே வேறு மாத்திரை ஒன்று அதே நேரத்தில் வெளிவந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து அதில் உண்டு. (சுண்டல் வாத்தியார் கேட்டிருந்தால் இதற்கே பத்து மதிப்பெண் குறைத்திருப்பார்.)

மில்லிக்கு 940 நானோகிராம். போன வருடம் 430. பொதுவாக 350-க்கு மேல் இருந்தால் மருந்து வேலை செய்ய வாய்ப்பு அதிகம் என்பார்கள். 1000-ஐ நெருங்கினால் வலிப்புக்குப் பயப்பட வேண்டும். எத்தனை வருடமாக இப்படிப்பட்ட எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன், குண்டூசி. அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். காப்பி இரண்டோடு நின்றது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை அவன் நடந்தான், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினேன். ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை என்று இன்னும் பீற்றிக்கொள்கிறான்.

இப்போது உன் அண்ணன். பங்குனி உத்திரத்துக்குள் சிகரெட்டை விடப்போகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சாப்பிடும் ஓலான்சபினையும், அதுவும் மனநோய் மருந்துதான், சிதைப்பது பெரும்பாலும் அதே நொதிதான். விடட்டும், தடுக்காதே. ஆனால் விடும் தேதியை முதலில் டாக்டரிடம் சொல்லட்டும், அளவை அவர் பார்த்துக்கொள்வார். நீங்களாக மாத்திரையை உடைத்துக் குறைக்க வேண்டாம். பாதியில் மனம் மாறி மறுபடி ஊதத் தொடங்கினால் அதையும் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. அப்போது மருந்து இறங்கிவிடும், பழைய குரல்கள் திரும்பி வரலாம். ரத்தம் எடுக்கச் சொன்னால் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்பு. அங்கே ஈப்போவில் கேட்பார்களோ என்னவோ.

டாக்டரிடம் சொன்னதும் எனக்கு ஒரு வரி போடு. உடனே பதில் எழுதுவேன். சிரிக்காதே.

உன்
பழைய பெஞ்சுக்காரி