2024 ஆண்டறிக்கை: மேடை போடவில்லை, பிரேக் போட்டோம்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே, எப்போது கூட்டம் முடியும் என்று பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் நான் நம் சைக்கிள் சங்கத்தின் அறிக்கையை வாசிக்கும்போது பாதிப்பேர் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போய்விட்டார்கள். அதனால் இந்தமுறை முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் நடந்த நம் மலைச் சைக்கிள் விழாவுக்கு மேடை போடவில்லை, பொன்னாடை வாங்கவில்லை, ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம் கொடுக்கவில்லை. அந்தக் காசுக்கு பிரேக் கட்டையும் பிரேக் வயரும் வாங்கினோம். இதைப்பற்றி டவுனில் ஓடும் கதைகள் எல்லாம் என் காதுக்கும் வந்தன. செயற்குழுவுக்குள் சண்டையாம், பொருளாளர் காசை அமுக்கிவிட்டாராம். சண்டை நடந்தது உண்மை, ஆனால் அது காசுக்காக இல்லை.

செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல் என்று ஜூலைக் கடைசியில் அறிவித்தார்களே, அன்றிலிருந்து என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. நம் விழாவுக்கு வந்து நாலு வார்த்தை பேச அவ்வளவு பேருக்கு ஆசை. ஒருவரை ஏற்றினால் மற்றவர் கோபிப்பார், எல்லோரையும் ஏற்றினால் பிள்ளைகள் வெயிலில் நின்று பேச்சுக் கேட்க வேண்டும், அதோடு தேர்தல் காலத்தில் கூட்டம் கூட்டினால் பொலிஸ் அனுமதியும் லேசில் கிடைக்காது. மேடை இருந்தால்தானே ஏறுவார்கள் என்று ஒரு அக்கா செயற்குழுவில் சொன்னார். அத்தோடு முடிவாகிவிட்டது.

ஆனால் தேர்தல் இல்லாவிட்டாலும் இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜூலையில் முதல்தடவையாக எல்லாச் சைக்கிள்களையும், தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, சைக்கிள் கடை மாமாவை வைத்துப் பரிசோதித்தோம். பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியது. பாதிக்குப் பாதி சைக்கிளில் பின் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. கட்டை தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மை அராவிக்கொண்டிருக்க, அது போதாதென்று வயர் நார்நாராகப் பிரிந்து ஒரே ஒரு இழையில் தொங்கிய சைக்கிள்கள் வேறு. ஒரு தம்பி டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது என்று தட்டுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சத்தம் நின்றுவிட்டதாம். சத்தம் மட்டுமா நின்றது! எண்ணெய் ஊறிய பிரேக் பேட்டைத் துடைத்துச் சரிப்படுத்த முடியாது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்று மாமா சொல்ல, அவன் அழாத குறை.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே சைக்கிளுக்கு மாறியபோது விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு உதிரிப்பாகமும் பழைய விலைக்கு இறங்கவே இல்லை. ஆயிரம் ரூபாவாக இருந்த தேயிலைத் தோட்ட நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் அரிசி, மா, பாடசாலைக் கொப்பி எல்லாம் போக மிச்சத்தில் பிள்ளையின் பிரேக் கட்டை கடைசி வரிசையில்தான் நிற்கும். அதனால் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வெற்றிக் கிண்ணத்துக்கு அனுசரணை தர ஓடிவருபவர்கள் பிரேக் கட்டை என்றதும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கட்டையில் கடைப் பெயரை அச்சடிக்க முடியாதுதான்.

நம் பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. லயத்து வீட்டிலிருந்து பாடசாலைக்கும், அங்கிருந்து டவுனுக்கும் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கியே வளர்ந்த கால்கள், கொழும்பிலிருந்து வந்த விலையுயர்ந்த சைக்கிள்களை ஏற்றத்தில் சும்மா தாண்டிப் போய்விடும். இறக்கத்தில்தான் வினை. பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருவார்கள், ரிம் சூடாகும், கட்டை வழுக்கும், வளைவில் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்க ஒன்றும் இருக்காது. வளைவுக்கு முன்னாலேயே இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறை, வளைவுக்குள் கையை விடு, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார், முன் பிரேக்குக்குத்தான் நிறுத்தும் பலம் அதிகம், ஆனால் அதை ஒரேயடியாக அமுக்காதே. இந்த நாலு பாடத்தை ஜூலை முழுக்கச் சனிக்கிழமைகளில் திரும்பத் திரும்பச் சொன்னோம். பழைய ஓட்டவீரர் ஒருவர் பண்டாரவளையிலிருந்து சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து பழக்கினார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எனவே இந்த நன்றியோடு விட்டுவிடுகிறேன்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இன்னும் சிலருக்கு மனக்குறை இருக்கிறது. போன வருடம் நாம் தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து முடிந்த மலைக்குள்ளால் இறங்கினோம். இந்த வருடம் அந்தத் தோட்ட நிர்வாகம் முடியாது என்றுவிட்டது. நிர்வாகம் என்றாலே நமக்குக் கோபம் வரும், சரி, ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் மண் திறந்து கிடக்கும். சரிவுக்குக் குறுக்கே வடிகான் வெட்டித் தண்ணீரை மெதுவாக இறக்கிய வேலை நம் தாத்தாமாருடையது. அதைக் கவனிக்காமல் நேர்கீழாகச் சைக்கிள் தடம் ஒன்று விழுந்தால் அடுத்த மழைக்கு அது ஓடையாகிவிடும். பாதை போடுகிறவர்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: பாதையின் சரிவு மலைச்சரிவின் பாதிக்கு மேல் போகக் கூடாது, போனால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடேயே ஓடும். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் பழைய இறக்கம் தேறவே தேறாது.

எனவே பக்கத்துத் தோட்டத்தின் வண்டிப்பாதையைக் கேட்டோம், தந்தார்கள். லிப்டன் சீட் மலையுச்சிப் பக்கமாகப் பார்த்தபடி ஏறி, யூக்கலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்து, குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவைச் சுற்றிப் பிரட்டுக்களத்துக்குத் திரும்பும் நாலு கிலோமீற்றர் சுற்று. ஒலிம்பிக் போட்டியிலும் ஒரு சுற்று 4 முதல் 6 கிலோமீற்றர்தான் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமை. விழாவுக்கு முதல் வாரம் பாதையை நடந்து பார்க்கப் போன குழு குளவிக்கூட்டைக் கண்டு திரும்பி ஓடி வந்தது. கொழுந்து பறிக்கும் அக்காமாருக்குக் குளவி என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. கூட்டைக் கலைக்கலாம், புகை போடலாம் என்று சில இளந்தாரிகள் வீரம் பேசினார்கள். வேண்டாம் என்று தடுத்து, காட்டுக்குள் போகும் துண்டை மேலாலே மாற்றினோம். இனி ஒவ்வொரு வருடமும் இந்த நடை கட்டாயம்.

விழா நாளுக்கு வருகிறேன். விடியற்காலையில் சில பெரியவர்கள் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் அதன் காவல் தெய்வமான ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்து, ஒவ்வொரு சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கொழும்புப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வைத்துக்கொண்டார்கள். மேற்கே ஓகஸ்ட் மழைக்காலம், அதனால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் சேற்றில் ஓட்டிப் பழகிக்கொண்டு வந்திருந்தார்கள். நமக்கோ அந்த மாதத்தில் வறட்சியும் காற்றும்தான், பாதையில் கணுக்கால் வரை புழுதி. ஈரச் சேற்றில் குதிரைபோல வருபவர்கள் நம் காய்ந்த வளைவில் தடுமாறினார்கள். அதில்தான் ஒரு தம்பி விழுந்து காறையெலும்பு முறிந்தது. 1990க்கு போன் அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இப்போது நன்றாக இருக்கிறான், அடுத்த வருடம் வருவேன் என்று அம்மா இல்லாத நேரத்தில் எனக்குச் சொன்னான். அவன் தலையில் சரியான சைக்கிள் ஹெல்மட் இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டோடு வந்தவர்களைத் திருப்பி, நம்மிடமிருந்து இரவல் கொடுத்தோமே, அதற்கு அன்று முகம் சுளித்த அப்பாமார் விழுந்த சத்தம் கேட்டதும் பேசாமல் நின்றார்கள்.

பரிஸ் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் போட்டியில் பிரித்தானியாவின் டொம் பிட்கொக் முன் சக்கரம் பங்சராகிப் பின்தங்கி, பிறகு துரத்திப் பிடித்துத் தங்கம் எடுத்தது நம் விழாவுக்குச் சில வாரம் முன்புதான். அதைப் போனில் பார்த்ததிலிருந்து பதினெட்டு வயதுக்குக் கீழ்ப் பிரிவில் யாருக்கும் தோல்வி என்பதே இல்லை. எவன் பின்தங்கினாலும் 'பிட்கொக் ஓட்டம் ஓட்டுறேன்' என்பான். உண்மையாகவே பங்சரான ஒருவன் மட்டும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி அரைச் சுற்றை ஓடியே முடித்தான். கைதட்டல் முதலாவது வந்தவனைவிட அவனுக்குத்தான்.

பெண் பிள்ளைகள் போட்டி இந்த வருடம்தான் ஒழுங்காக நடந்தது. முன்பெல்லாம் மூன்று பேர் வந்து, ஒரு சுற்று ஓட்டி, மூன்று பேருக்கும் பரிசு கொடுத்து அனுப்புவோம், அதைப் போட்டி என்று சொல்ல எனக்கே கூச்சம். இந்தமுறை வரிசை நிறைய நின்றார்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு பிள்ளை. 2025 மார்ச்சில் சாதாரண தர (ஓ.எல்.) பரீட்சை எழுதுகிற பிள்ளை. அண்ணன் சைக்கிளில்தான் பழகினாள், அவன் கொழும்பில் கடை வேலைக்குப் போனபிறகு சைக்கிள் அவளுக்கு மிச்சம். ஸீட் எவ்வளவு இறக்கினாலும் அவளுக்கு உயரம்தான், எனவே இறக்கம் முழுவதும் நின்றபடியே வருவாள், சொல்லிக்கொடுத்தாலும் அதைவிடச் சரியாக வராது. வீட்டில் முதலில் விடவில்லை. பயிற்சி முடிந்து இருட்டுக்கு முன் வீடு வர வேண்டும், கூட இன்னொரு பிள்ளை வர வேண்டும் என்று அவளுடைய அம்மா நிபந்தனை போட்டார். கூட வர ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்குத் துணையாக இன்னொன்று, அப்படியே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா கொழுந்தை எடைபோட்டுவிட்டுக் கூடையைக்கூடக் கழற்றாமல் பாதையோரம் வந்து நின்று, மகள் வளைவுக்கு வரும்போதெல்லாம் 'பிரேக்! பிரேக்!' என்று கத்தியதைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்தது வெலிமடைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல ஓட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2023இல் வென்ற நம் மூன்று பெரிய பிரிவு வீரர்களும் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. மூவரும் கொழும்பில், கடையிலும் ஹோட்டலிலும். பதினெட்டு வயதானதும் இது நடக்கும் என்று நாம் பழகிவிட்டோம், அதைச் சங்கம் தடுத்து நிறுத்தவும் முடியாது. ஆனால் அவர்கள் விட்டுப்போன சைக்கிள்கள் லயத்துச் சுவரில் சாய்ந்து துருப்பிடிப்பதையாவது தடுக்கலாம். இதைப்பற்றிய தீர்மானம் கீழே வருகிறது.

விழாவுக்குப் பிந்திய மாதங்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒக்டோபர் 29, 2014இல் லயங்களை மூடிப்போட்ட மீரியபெத்தை மண்சரிவின் பத்தாவது வருடம், அந்த வாரம் பயிற்சி வைக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழை உயர்தரப் பரீட்சையையே தள்ளிவைத்தது, நாமும் நிறுத்திவிட்டோம். இதை நிரந்தர விதியாக்கக் கேட்கிறேன்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால், அல்லது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் நம் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டால், மலைப் பாதையில் ஒரு சைக்கிளும் இறங்கக் கூடாது. அந்த நாளில் பிரட்டுக்களத்தில் டியூப் ஒட்டப் பழகலாம். அதோடு பதுளை வீதியில் லொறிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஏற்றம் ஏறிய இரண்டு பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். இன்னொருமுறை கண்டால் அடுத்த விழாவுக்கு நம்பர் கிடைக்காது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பற்றுச்சீட்டுகள் எல்லாம் மேசையில் இருக்கின்றன, சந்தேகம் உள்ளவர்கள் டவுனில் பேசாமல் இங்கேயே எடுத்துப் பார்க்கலாம்.

சபையின் முடிவுக்கு நான் வைப்பது இவை. ஊர்விட்டுப் போனவர்களின் சைக்கிள்களை வீட்டார் சம்மதத்தோடு சங்கம் பொறுப்பெடுத்து, திருத்தி, சொந்தச் சைக்கிள் இல்லாத பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரவல் கொடுப்பது. ஜூலைப் பரிசோதனையில் தேறாத சைக்கிளுக்கு, அது யார் வீட்டுப் பிள்ளையுடையதாக இருந்தாலும், தலைவர் வீட்டுப் பிள்ளையுடையதாக இருந்தாலும், போட்டி நம்பர் கொடுப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு சுற்று. 2025 விழாவுக்கும் மேடை வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், கையை உயர்த்திப் பேசுங்கள், மழை வந்தாலும் உட்கார்ந்து கேட்போம்.

இன்னும் ஒன்று. விழாவுக்கு இரவல் கொடுத்த ஹெல்மட்டில் நாலு திரும்பி வரவில்லை. யார் யாரிடம் என்று பட்டியல் என் பையில் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் சைக்கிள் கடை மாமாவிடம் கொடுத்துவிட்டால் பெயர் வாசிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்