செவ்வாயில் பறக்கப்போகும் கலங்களின் கண்களைக் குறைத்துவிடாதீர்கள்

செவ்வாய்க்கான அடுத்த பறக்கும் கலங்களை வடிவமைக்கும் விண்வெளி நிறுவனங்களுக்கும், அவற்றின் எடைப் பட்டியலில் கடைசிக் கையெழுத்துப் போடுபவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில் புகைப்படத்துக்கு நிழற்படம் என்றும் பெயர் உண்டு. அந்தச் சொல் அப்படியே பொருந்திய ஒரு படத்தை 2024 ஜனவரியில் பார்த்தேன். செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தில் தரையிறங்கி நின்ற நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர், தனக்குக் கீழே விழுந்த நிழலைப் படமெடுத்து அனுப்பியிருந்தது. மணல்மேல் படிந்த இறக்கையின் நிழலில் நுனியைக் காணவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுகள் பறந்த அந்தச் சின்னக் கலம் இனி எழும்பாது என்பதை அதன் நிழல்தான் நமக்குச் சொன்னது.

அது உடைந்ததன் காரணமும் கேமராவோடு சேர்ந்ததே. செவ்வாயில் ஜிபிஎஸ் கிடையாது. திசைகாட்டியை நம்பலாம் என்றால் கோள் முழுவதும் பரவிய காந்தப்புலமும் இல்லை. ரேடியோ அலை இங்கிருந்து போய்ச் சேரவே சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால் பூமியில் உட்கார்ந்து ஓட்டவும் முடியாது. ஆகவே இன்ஜெனுவிட்டி கீழ்நோக்கிய ஒரு கருப்பு வெள்ளை கேமராவால் நொடிக்கு 30 படங்கள் எடுத்து, கூழாங்கற்களும் பாறைகளும் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்துத் தன் வேகத்தைக் கணித்தது. 2024 ஜனவரி 18 அன்று நடந்த 72ஆவது பறத்தலில் அதன் அடியில் இருந்தவை வழவழப்பான மணல் மேடுகள். அடையாளம் வைத்துக்கொள்ளக் கற்கள் போதவில்லை. கணக்குப் பிசகி, பக்கவாட்டு வேகத்தோடு சரிவில் மோதியதில் இறக்கைகள் முறிந்தன என்பதே பின்னர் நடந்த ஆய்வு கண்ட மிகச் சாத்தியமான விளக்கம்.

அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்தது. 2021 மே 22 அன்று, ஆறாவது பறத்தலில், படவரிசையில் ஒரே ஒரு படம் தவறிப்போயிற்று. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்திலும் நேரக்குறிப்பு பிசகியது. தான் இருக்கும் இடத்தைப் பற்றிய குழப்பத்தில் ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் ஊசலாடியது. எப்படியோ சமாளித்து, குறித்த இடத்திலிருந்து சுமார் ஐந்து மீட்டருக்குள் இறங்கிவிட்டது. ஒரு படத்தின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன்.

கிராம் கணக்கின் கொடுமை எனக்குப் புரிகிறது. பூமியின் காற்றோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அடர்த்திதான் அங்கே. 1.8 கிலோ எடையைத் தூக்கவே 1.2 மீட்டர் நீள இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 2,400 முறை சுழல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் வழிநடத்தும் கேமராவை எவரும் எடுத்துவிட மாட்டார்கள். எனக்கு அச்சம் அதன் துணையைப் பற்றி. அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து பொருத்தப்பட்ட 13 மெகாபிக்சல் வண்ணக் கேமரா அது. அது இல்லாமலும் இன்ஜெனுவிட்டி பறந்திருக்கும். எடையைக் குறைக்கும் கூட்டங்களில் முதலில் கைவைக்கப்படுவது இத்தகைய கருவிதான்.

அந்தக் கேமரா என்ன கொடுத்தது என்று பாருங்கள். 2022 ஏப்ரல் 19, முதல் பறத்தல் நடந்து சரியாக ஓராண்டு. அன்று 26ஆவது முறையாக எழும்பிய ஹெலிகாப்டர், தன்னைச் செவ்வாய்க்குச் சுமந்துவந்த பெர்சிவரன்ஸ் ஊர்தியைப் பத்திரமாக இறக்கிவிட்டுத் தூரத்தில் விழுந்த பாராசூட்டையும் கூம்பு வடிவ மேல் ஓட்டையும் மேலிருந்து படமெடுத்தது. மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதிச் சிதறிய ஓடு. புழுதி படிந்து கிடந்த பாராசூட். அறுபடாமல் தெரிந்த கயிறுகள். தரையிறக்க முறையைச் செம்மைப்படுத்தும் பொறியாளர்களுக்கு இதைவிட நல்ல சாட்சியம் எங்கே கிடைத்திருக்கும்? செவ்வாயைச் சுற்றிவரும் கலத்தின் கேமராவுக்கு அந்த இடம் தெரியும். ஆனால் கயிறு அறுந்ததா இல்லையா என்று தெரியாது. ஊர்தி அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க நாள்கள் ஆகும். வானுக்கும் தரைக்கும் நடுவில் பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கண் இல்லாவிட்டால் அந்தப் படங்களே இல்லை.

முப்பது நாள்களில் ஐந்து முறை பறந்து காட்டினால் போதும் என்று அனுப்பப்பட்ட கலம் அது. அறிவியல் கருவி ஒன்றுகூட அதில் வைக்கப்படவில்லை. 72 முறை பறந்து சுமார் 17 கிலோமீட்டர் கடந்தது. இப்போது ஆறு சுழலிகளோடு, ஐந்து கிலோ வரை கருவிகளைச் சுமந்து, செவ்வாயின் ஒரு நாளில் மூன்று கிலோமீட்டர் வரை போகும் ஹெலிகாப்டர் பற்றி நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் சிந்திக்கிறது. மகிழ்ச்சி. அந்த ஐந்து கிலோவுக்கு, ஒளியைப் பிரித்துப் பார்த்துப் பாறையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் நிறமாலைமானிகளும் பிற கருவிகளும் போட்டி போடும்போது, வண்ணக் கேமராவை அழகுக்காக வைப்பது என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்த படங்களைத் திறந்து கொடுங்கள் என்பது இன்னொரு வேண்டுகோள். 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் காலத்திலிருந்தே நாசா தன் மூலப் படங்களைத் தாமதமின்றிப் பொதுவில் வைத்துவருகிறது. அந்தப் படங்களைத் தினமும் திறந்து பார்ப்பவர்களில் நானும் ஒருவன். மங்கலானவை, பாதி இருண்டவை, புழுதி மறைத்தவை எல்லாமே அங்கே இருக்கின்றன. ஒன்றையும் தேர்ந்தெடுத்து ஒளிக்கவில்லை என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் வருகிறது. செவ்வாய்க்குக் கலம் அனுப்பும் எல்லா நாடுகளும் இந்தப் பழக்கத்துக்கு வரவேண்டும். சீனாவின் சூரோங் ஊர்தி 2021இல் ஒரு சிறு கேமராவைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பின்வாங்கி, தானும் இறங்குகலமும் சேர்ந்து நிற்கும் படத்தை எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து உலகமே வியந்தது. அதுபோன்ற படங்களின் மூலக் கோப்புகளும் எடுத்த சில நாள்களிலேயே எல்லோர் கைக்கும் வரவேண்டும் என்பதே என் ஆசை.

திறந்து கொடுக்கும்போது நிறத்தைத் திருத்தினீர்களா இல்லையா என்பதையும் படத்தோடு எழுதுங்கள். 1976 ஜூலையில் வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படம் நீல வானத்தோடு வெளியானது. நிறத்தைச் சரிபார்த்தபின் வானம் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த புழுதி நிறமானது. தவறு நடந்ததில் எனக்குக் குறையில்லை. உடனே திருத்திச் சொன்னார்களே, அந்த நேர்மைதான் முக்கியம்.

கடைசியாக, இறக்கை முறிந்து நிற்கும் அந்த ஹெலிகாப்டருக்கே திரும்புகிறேன். 2024 ஏப்ரலில் அதன் குழு விடைபெறும்போது ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனது. தினமும் விழித்தெழுந்து, தன் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, அதே வண்ணக் கேமராவால் தரையை ஒரு படம் எடுத்துத் தன் நினைவகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 20 ஆண்டுகளுக்கான நாள்குறிப்பை அதில் வைக்கலாம் என்றார்கள். ஒரே இடத்தில் மணல் எப்படி நகர்கிறது, புழுதி எப்படிப் படிகிறது என்பதற்கு அப்படியொரு தொடர் பதிவு கிடைத்தால் அது பொக்கிஷம்.

ஜெசீரோவை நோக்கி அடுத்து ஊர்தியோ டிரோனோ மனிதரோ போகும் திட்டத்தைத் தீட்டும்போது, பயணப் பாதையில் அந்த மணல் மேட்டையும் ஒரு புள்ளியாகக் குறித்துவையுங்கள். நினைவகத்தைப் படித்தெடுக்கத் தேவையான இணைப்பை இப்போதே யோசித்துக் கலத்தில் சேருங்கள். அந்தப் படங்களை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு பார்வையாளன்