ஒரிஜினலைக் கையைவிட்டு விடாதே

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

வியாழக்கிழமை டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தோஷம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், காந்திபுரம் பஸ்ஸில் போகும்போதாவது படி.

முதலில் ஃபைல். பத்தாவது, பன்னிரண்டாவது, காமராசர் பல்கலைக்கழக டிகிரி, பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), சாதிச் சான்றிதழ், இந்த வரிசையில் வை, ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே அதன் ஜெராக்ஸ். பள்ளிக்கூட ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து இதைத்தானே இத்தனை வருஷம் பார்த்தேன். ஒன்றைத் தேடப் போய் நாலைக் கீழே போட்டு, ஃபேனுக்கடியில் பறக்கிறதைப் பொறுக்கி எடுக்கிற பிள்ளை, உள்ளே கூப்பிடும் முன்பே பாதி தோற்றுவிடும். ஒரிஜினலைக் காட்டு, கொடுக்காதே. "ஆர்டர் வாங்கும்போது ஒப்படைக்கணும், இங்கே அதுதான் வழக்கம்" என்பார்கள். நீயே கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் கொடு. விடவே மாட்டேன் என்றால் என்னென்ன வாங்கினோம் என்று பள்ளி சீல் வைத்து எழுதிக் கேள். எல்லாம் இப்போது உன் கையில்தானே இருக்கிறது? ஜனவரியில் நீ வந்தபோது ஒரு பைதான் இருந்தது, ஃபைல் இல்லை. நான் பார்த்தேன்.

அப்புறம் டெமோ, அவர்கள் முன்னால் நடத்திக் காட்டும் மாதிரி வகுப்பு. இருபது நிமிஷம் கொடுப்பார்கள், அதில் பாடத்தையே முடித்துக்காட்ட நினைக்காதே, ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள். முழு எண்கள் கேட்டால், தம்பிக்குத் திண்ணையில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டினாயே, அதையே செய். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு, இரண்டை என்றால் மைனஸ் நாலு, ஒன்றை என்றால் மைனஸ் இரண்டு, பூஜ்யத்தை என்றால் பூஜ்யம், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஏறுகிறது, அடுத்து மைனஸ் ஒன்றை என்றால் என்ன வரும் என்று கேட்டுவிட்டு நீ பேசாமல் நின்றாய். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு "பிளஸ் ரெண்டு" என்று கத்தினான். மைனஸும் மைனஸும் பிளஸ் என்று எனக்கு அடித்துத்தான் மனப்பாடம் ஆக்கினார்கள், ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. எம்.எஸ்சி. படித்தவர்களெல்லாம் போர்டைப் பார்த்தபடியே பாடம் நடத்திவிட்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி இல்லை. கடைசி பெஞ்சில் பிரின்சிபால் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்வார், சிரித்துவிடாதே, அவர் எந்த இடத்தில் தவறினார் என்று திருப்பிக் கேள். சாக்பீஸ் என்றால் பாதியாக உடைத்து எழுது, முழுசு கீச்சிடும். ஸ்மார்ட் போர்டா என்பதை முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்.

கேள்வி கேட்கும்போது 2020 கல்விக் கொள்கை, பள்ளிப் படிப்பை ஐந்து மூன்று மூன்று நாலு வருஷம் என்று பிரித்தது, அதெல்லாம் நீ சொல்லிவிடுவாய். மெல்லக் கற்கும் பிள்ளையை என்ன செய்வாய் என்று கேட்பார்கள், பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையை வைத்துச் சொல்லு. அடிப்பது பற்றியும் இப்போது கட்டாயம் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடம்பாலும் மனதாலும் பிள்ளையைத் துன்புறுத்தக் கூடாது. இதைப் பதறாமல் சொல்லு. மேனேஜ்மெண்டே ரிசல்ட்டுக்காக அடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தர் மடக்குவார், அதற்கும் பதில் யோசித்து வை. உனக்கு அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இதைவிட முக்கியம், முந்தின பள்ளியை ஏன் வருஷ நடுவில் விட்டீர்கள் என்பது. அதைக் கேட்காமல் விடவே மாட்டார்கள். ஜூனில் சேர்ந்து ஜனவரியில் நின்றால் எந்தத் தாளாளரும் கேட்பார். பழைய இடத்தைக் குறை சொல்லாதே, ஆனால் பொய்யும் சொல்லாதே, உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தால் என்ன வியாதி என்பார்கள். இரண்டே வரி தயார் பண்ணு. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார். அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாலும் நல்லது, என்னிடம் வேண்டாம்.

மேலூர் அத்தைக்கும் இப்போது டெட் ஜுரம். பணி ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் பாஸ் பண்ணணும் என்று 2025 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதிலிருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பழைய நோட்டைத்தான் படிக்கிறாள். "பாப்பா எப்படித்தான் இதை எழுதிப் பாஸ் பண்ணுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாள். 2012-ல் முதல் டெட் வைத்தபோது ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி, நூற்றுக்கு ஒருத்தர்கூடத் தேறவில்லை, எங்கள் ஸ்டாஃப் ரூமே எழவு வீடு மாதிரி கிடந்தது. அக்டோபரில் மறுபடி வைத்தபோதுதான் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். உன் டெட் சான்றிதழுக்கு ஏழு வருஷம்தான் செல்லும் என்ற அந்தப் பழைய கணக்கும் கிடையாது, 2021-லிருந்து ஆயுசுக்கும் செல்லும். செல்லும் என்றால் காகிதம் நம் கையில் இருக்க வேண்டும். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அவ்வளவு படித்துவிட்டு ஹாஸ்டலில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. பொங்கலுக்கும் சரியாகப் பேசவில்லை. சரி, அதை விடு.

அம்மா ஜெனகை மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறாள். அரக்குச் சுங்குடியைக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள், அதைத்தான் கட்ட வேண்டுமாம். தம்பி செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி விடிவதற்குள் சிங்காநல்லூர் வந்துவிடுவான், சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்து விடுகிறேன், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்.

சம்பளம் கேட்டால் முதலில் நீ தொகை சொல்லாதே. மூன்று வருஷம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் கேட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லு. அப்படிச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரிஜினல் அந்தப் பள்ளியிலேயே கிடக்கிறது என்றால் தம்பியிடம் சொல்லி அனுப்பு, அம்மாவிடமாவது சொல்லு. என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வெள்ளைத் தாளில் ஒரு விண்ணப்பம் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்பினால் பாதிப் பேர் பயந்து கொடுத்துவிடுவார்கள், எனக்கு அந்த வாசகமெல்லாம் அத்துப்படி. கொடுக்கவில்லை என்றால் நானே போய் அந்த ஆபீஸில் உட்கார்ந்துகொள்கிறேன். புதன்கிழமை மதியத்துக்குள் தெரிந்தால் வியாழக்கிழமை நீ என்ன சொல்ல வேண்டும் என்பதையும் யோசித்துவிடலாம்.

அப்பா
சோழவந்தான்