கண் முகாமுக்கு ரூ.28,500 குறைகிறது: ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மாரியம்மன் அருளால் ஆடிக் கடைசி ஞாயிறு அன்று நம் கோயில் மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. பஸ்ஸுக்கும் பந்தலுக்கும் ஆடிப்பெருக்குக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

பெரியம்மை பார்வையைப் பறித்த காலத்திலேயே கண்மலர் சாத்தி வேண்டிக்கொண்ட சந்நிதி இது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடித்து ஆயிரக்கணக்கானோருக்குப் பார்வை தந்த மனிதர் அவர். அவரைப் பார்த்துத்தான் நம் பெரியவர்கள், "திருவிழாவோடு இதையும் அம்மனுக்குச் செய்வோம்" என்று மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பெருமை நம் ஊருக்கு உண்டு.

புரை என்றால் ஆபரேஷனில் சரியாகிவிடும். கண் நீர் அழுத்தம் அப்படியல்ல. வலியில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால் முகாம் வரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தயவுசெய்து கண்ணில் இலைச்சாறு, தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள்.

சரி, கணக்கு. பந்தல், நாற்காலி 14,000. சாப்பாடு, டீ 22,000. ஆபரேஷனுக்குப் போய்வர இரண்டு பஸ் 18,000. மைக்செட், நோட்டீஸ் 6,000. இயலாதவர்களுக்கு 60 மூக்குக் கண்ணாடி 15,000. ஆக மொத்தம் ரூ.75,000. கையில் இருப்பது 46,500.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க முடியாது. சென்ற ஆண்டு அரிசி மூட்டை இறக்கிய மேலத்தெரு அண்ணன்மார், சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துத் தந்த மகளிர் குழு அக்காமார், திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாதாமாதம் அனுப்பும் தம்பிகள், முதியோர் பென்ஷனில் நூறு ரூபாயை மடித்து நீட்டிய ஆத்தா, எல்லாருக்கும் அம்மன் துணையிருப்பாள்.

அப்புறம், மனம் நோகாமல் ஒன்று. இந்த முகாமில் புரை எடுத்து இன்று பேப்பர் படிப்பவர்கள் வீடு பல, இந்த வருடம் இன்னும் ஒரு ரூபாய் எழுதவில்லை. வாணவேடிக்கைக்கு அள்ளிக் கொடுத்த நாம் இதற்குத் தயங்கலாமா?

ரூ.250 தந்தால் ஒருவருக்குக் கண்ணாடி. தினமும் மாலை 6 முதல் 8 வரை கோயில் அலுவலகத்தில் ரசீது கிடைக்கும். வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே வருகிறோம். வரவு செலவுக் கணக்கு முகாம் முடிந்த மறுவாரம் மண்டபப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
முகாம் குழுவினர்