சுவரில் மாட்டிய டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் பழுது: வாரண்டி மறுப்பு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

பொங்கல் சமயத்தில் உங்கள் 43 அங்குல டிவியை வாங்கினேன். மூன்றாம் நாள் உங்கள் ஆளே வந்து, உங்கள் பிராக்கெட்டைப் போட்டு ஹால் சுவரில் மாட்டினார். படத்தில் ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் டிவிக்குப் பின்னால்தான்.

டிவிக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது மூன்று சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்தேன். கேபிள் செருகும் மூன்று எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒன்று பக்கவாட்டில், மற்ற இரண்டும் நேராகச் சுவரைப் பார்த்து. கேபிளின் ப்ளக்கும் அதன் வளையாத ரப்பர் கழுத்தும் சேர்ந்தே ஐந்து சென்டிமீட்டர் வருகிறது. பக்கவாட்டில் செருகலாமே என்பீர்கள். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஏஆர்சி வசதி, சுவரைப் பார்த்த போர்ட் ஒன்றில் மட்டும்தானே இருக்கிறது!

வந்த தம்பி நல்லவர்தான், ஆனால் அவசரம். "இன்னும் நாலு வீடு இருக்கு சார்" என்றபடி கேபிளைச் செருகி, டிவியைத் தூக்கி மாட்டி, கீழ்விளிம்பை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். நறுக்கென்று ஒரு சத்தம். "ஒண்ணும் ஆகாது சார், செட் ஆயிடும்" என்றார்.

இரண்டே மாதத்தில் சவுண்ட்பாரில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. சுவரோடு கன்னத்தை ஒட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை; கன்னத்தில் டிஸ்டெம்பர்தான் அப்பியது. அப்புறம் போனில் டார்ச்சைப் போட்டு இடுக்கில் நுழைத்து வீடியோ எடுத்தேன். கேபிளின் கழுத்து மடங்கி, ப்ளக் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரிச்சி தெருவுக்குப் போய் எல் வடிவ அடாப்டர் வாங்கினேன். அதிலும் 90 டிகிரி, 270 டிகிரி என்று இரண்டு ரகமாம்: ஒன்று கேபிளை ஒரு பக்கம் திருப்பும், மற்றது நேர் எதிர்ப்பக்கம். நான் வாங்கியது டிவியின் பருத்த முதுகில் போய் முட்டியது. மாற்றி வந்து போட்டும் பயனில்லை. போர்ட் அதற்குள் ஆட்டம் கண்டுவிட்டது.

உங்கள் சர்வீஸ் இன்ஜினியர், "ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது, சர்க்யூட் போர்டு மாற்ற 7,800 ரூபாய்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விசிட் சார்ஜ் 350 ரூபாயையும் வாங்கிப் போனார். டேமேஜ் உண்மை. செய்தது யார்? அடாப்டர் போட நான் டிவியை இறக்கியதும் உண்மைதான். ஆனால் வீடியோ அதற்கு முந்தைய நாள் எடுத்தது, தேதியோடு இருக்கிறது. உங்கள் கையேடு காற்றோட்டத்துக்காகப் பின்னால் 10 சென்டிமீட்டர் விடச் சொல்கிறது. அதே பெட்டியோடு நீங்கள் விற்ற பிராக்கெட் மூன்றுதான் விடுகிறது. இதில் என் கை எங்கே வந்தது?

சர்க்யூட் போர்டைக் கட்டணமின்றி மாற்றித் தாருங்கள். 350 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். முன்னால் இழுக்கக்கூடிய பிராக்கெட்டையும் உங்கள் செலவிலேயே போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதுப் போர்டுக்கும் இதே கதிதான். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை

இணைப்பு: டிவி, பிராக்கெட் பில் நகல், சர்வீஸ் ரிப்போர்ட், வீடியோ அடங்கிய பென்டிரைவ்.