வாய்தா செலவை யார் ஏற்பது?

ஐயா,

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்க்கும் ஊர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேட்கலாம், தவறில்லை. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஊரே வசூல் செய்துவிடும். அப்புறம் வரும் வழக்குதான் ஆளை முறிக்கிறது. எங்கள் தெருவில் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பெயரும் வழக்கில் சேர்ந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைய கூலியோடு பஸ் காசும் போனது. வக்கீல் செலவுக்குக் காதுத் தோட்டை அடகு வைத்தார்.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்தவற்றைத் தொடவில்லை. ஆகவே பழைய கிணறுகளைக் கண்காணிப்பதும், கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவதும், தகவல் உரிமை மனு போடுவதும் ஊர்க்காரர்கள் தலையில்தான் விழுகின்றன. 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஒன்றிய அரசின் சுரங்க ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதும் எதிர்ப்பு உடனே கிளம்பியதால்தான். பருவநிலைக்காக நிதி ஒதுக்கும் உள்நாட்டு அறக்கட்டளைகள், கருத்தரங்குகளுக்குத் தருவதில் ஒரு பங்கையாவது இந்த ஊர்களின் வழக்குச் செலவுக்கும் நீர்ப் பரிசோதனைக்கும் நேரடியாகத் தர வேண்டும். வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் எல்லோர் முன்னும் படித்துக் காட்டட்டும்.

- ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்