பெண் அறிவியலாளர்களோடு ஒரு வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு ஞாபகம் இருக்கும். மாதம் ஒரு கூட்டம், எல்லாமே இயற்பியலிலும் கணிதத்திலும் பெரிய வேலை செய்த பெண்களைப் பற்றி. 12 கூட்டங்கள் திட்டமிட்டோம், 9 நடந்தன. மே மாதம் மண்டபம் தருவதாகச் சொன்ன இடத்தில் கடைசி நேரத்தில் பூட்டைத் திறக்கவே இல்லை, வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. டிசம்பரில் மழை, மார்ச்சில் பிள்ளைகளுக்குத் தேர்வு.

ஏப்ரலில் மேரி கியூரியோடு தொடங்கினோம். பேசியவர் உருக்கமாகப் பேசினார், சிலர் கண் கலங்கினார்கள். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அவங்க பட்ட கஷ்டமெல்லாம் புரியுது சார், ஆனா அவங்க கண்டுபிடிச்சது என்னன்னு யாருமே சொல்லலியே" என்றாள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் ரேடியத்தைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் வந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு செயற்குழு கூடி, இனி யாரைப் பற்றிப் பேசினாலும் பாதி நேரமாவது அவர் செய்த வேலைக்கே என்று முடிவு செய்தது. இந்த வருடம் நாம் செய்த நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதம் கணிதவியலாளர் எம்மி நோத்தர். அவர் ஜெர்மனியின் எர்லாங்கனில் 1907இல் டாக்டர் பட்டம் வாங்கியவர், அதற்குப் பிறகு பல வருடம் அங்கேயே சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் ஆற்றல் அழிவின்மை (மொத்த ஆற்றல் கூடாது, குறையாது என்ற விதி) என்ன ஆகிறது என்று குழம்பிப்போன கணிதவியலாளர்கள் ஹில்பர்ட்டும் கிளைனும் 1915இல் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள், ஆனால் பெண் என்பதால் பல்கலைக்கழகம் ஆசிரியர் உரிமை தர மறுத்து, 1919 வரை ஹில்பர்ட் பெயரில்தான் அவர் வகுப்பு எடுக்க முடிந்தது. சரி, வேலை என்ன? இரவல் வாங்கிய ஒரு சுழல் நாற்காலியில் பையன் ஒருவனை உட்கார வைத்து, இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, கையை நீட்டச் சொல்லிச் சுற்றிவிட்டோம். கையை மார்போடு இழுத்ததும் நாற்காலி விர்ரென்று வேகம் எடுத்தது. வேகம் கூடினாலும் கோண உந்தம் (சுற்றும் வேகத்தையும், எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் அளவு) மாறவில்லை. ஏன் மாறவில்லை? கிழக்கு பார்த்து நின்றாலும் வடக்கு பார்த்து நின்றாலும் இயற்கையின் விதி ஒன்றுதான், அதனால்தான், என்கிறது நோத்தர் 1918இல் வெளியிட்ட தேற்றம். விதி நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதிலிருந்து ஆற்றல் அழிவின்மை வருகிறது, இங்கேயும் அங்கேயும் ஒன்றாக இருப்பதிலிருந்து உந்த (நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) அழிவின்மை வருகிறது. பள்ளியில் தனித்தனிப் பாடமாகப் படித்த இந்த மூன்று விதிகளும் ஒரே வேரில் முளைத்தவை என்று தெரிந்தபோது, 30 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "இதை எனக்கு யாருமே இப்படிச் சொல்லித் தரலைப்பா" என்றார். யூதர் என்பதால் 1933இல் நாஜி அரசு நோத்தரைப் பதவியிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரிக்குப் போனார், 1935இல் 53 வயதில் இறந்துவிட்டார்.

ஜூலையில் இயற்பியலாளர் லிசே மைட்னர். இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்: நாம் ஒட்டிய நோட்டீஸில் அவர் நோபல் பரிசு பெற்றவர் என்று அச்சாகிவிட்டது. அவர் பெறவில்லை. அணுவின் கரு இரண்டாக உடையும் அணுக்கருப் பிளவுக்கான 1944 வேதியியல் பரிசு, அவரோடு வேலை பார்த்த ஓட்டோ ஹானுக்கு மட்டுமே போனது. அந்தப் பிளவு எப்படி நடக்கிறது, எவ்வளவு ஆற்றல் வெளியாகிறது என்று முதலில் விளக்கியவர்கள் மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும்தான். நோட்டீஸை வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 23 வானிலை விஞ்ஞானி அன்னா மணி பிறந்த நாள் என்பதால் அந்த வாரமே கூட்டம் வைத்தோம். கேரளத்தின் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர். பின்னாளில் பெங்களூரில் ராமனிடம் அவர் ஆராய்ந்தது வைரங்களின் ஒளிர்வைத்தான்! ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிறமாலையைப் படத்தகட்டில் பதிக்கப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் இரவெல்லாம் ஆய்வகத்தில் இருந்திருக்கிறார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. அதோடு அவர் நிற்கவில்லை. லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு 1948இல் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து இங்கேயே செய்ய வழி செய்தார், அப்புறம் நாடு முழுக்க வெயிலை அளக்கும் நிலையங்களை அமைத்தார், ஓசோனை அளக்கும் கருவியையும் உருவாக்கினார். இதைக் கேட்ட பிள்ளைகள் நம் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்து, அக்டோபரிலிருந்து தினமும் காலை 8.30க்கு அளவெடுத்து நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு நாள்கூட விடவில்லை. அந்த நோட்டை இன்று மேசையில் வைத்திருக்கிறேன், தயவுசெய்து எல்லோரும் புரட்டிப் பாருங்கள்.

மற்ற கூட்டங்களில் ஜனவரியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வானியலாளர் சிசிலியா பெய்ன், 1925. வெப்பத்தைப் பொறுத்து எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று சொல்லும் நம் மேகநாத் சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு நட்சத்திரங்களின் நிறமாலையைப் படித்து, அவற்றில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று கண்டவர். மூத்த வானியலாளர் ரசல் நம்பாததால், அந்த முடிவு உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டி வந்தது. நான்கு வருடம் கழித்து ரசலே அது சரியென்று ஒப்புக்கொண்டார். அன்று வானம் தெளிவாக இருந்தது, ஓரையன் நன்றாகத் தெரிந்தது, இரவு பத்து மணிக்கும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

குறை என்றால், கணிதத்துக்கு இரண்டு கூட்டம்தான் ஒதுக்கினோம். தமிழ்நாட்டில் வளர்ந்து, 2010இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் முழு அமர்வு உரை ஆற்றிய பரிமளாவைப் பற்றி நாம் பேசவே இல்லை, இதற்கு நானே பொறுப்பு. வரும் வருடம் முதல் கூட்டம் அவரைப் பற்றித்தான், அவருடைய துறையான இருபடி வடிவங்களை (x² + y² போன்ற கோவைகள்) எளிமையாகச் சொல்லக்கூடிய கணித ஆசிரியர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். இரண்டாவது, எட்டுப் பரிமாணத்தில் கோளங்களை நெருக்கி அடுக்கும் கணக்கை 2016இல் தீர்த்த மரீனா வியசோவ்ஸ்கா. அதற்கு இரண்டு கூடை ஆரஞ்சு வேண்டும், பழக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் ஜூன் முடிவதற்குள் அவரிடம் கொடுத்துவிடுங்கள், மழைமானிக்கு ஒரு நல்ல கண்ணாடி அளவுக்குடுவை வாங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்